மவுஸ்ஸாக்கலையில் திணறும் பழைய படகு எஞ்சின்: பிஸ்டனைக் கழற்றுவதற்கு முன்

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் விஷயம் இதுதான். நீர்கொழும்புப் பக்கம் மீன்பிடிக்கு ஓடிய 15 குதிரைவலு, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்றை வாங்கி மஸ்கெலியாவுக்குக் கொண்டுவந்து மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் ஓடும் வள்ளத்தில் பூட்டியிருக்கிறீர்கள். காலையில் சோக்கைப் போட்டு நாலைந்து தரம் கயிறு இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது. மெதுவாகப் போனால் பிரச்சினை இல்லை. வேகத்தைக் கூட்டினால் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத் திணறி நின்றுவிடுகிறது. பெற்றோல் குழாயின் நடுவே இருக்கும் இறப்பர் பந்தை அமுக்கினால் மறுபடி உயிர் வருகிறது. பிளக் இரண்டும் கறுப்பு. குளிர்விக்கும் தண்ணீர் வெளியே பீய்ச்சுவதும் மெல்லிசு. கராஜில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம் பார்த்து, ஒரு சிலிண்டரில் 92, மற்றதில் 88 பிஎஸ்ஐ, பிஸ்டன் ரிங் போய்விட்டது, சிலிண்டரைக் கடைந்து பிஸ்டன் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். அந்தப் பெரிய செலவைச் செய்தால் இந்தக் கோளாறு தீருமா என்பதுதான் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

தீராது. பிஸ்டனை மாற்றினாலும் வேகத்தைக் கூட்டும்போது அதே இடத்தில் நிற்கும். நான் கரையோரத்தில் படகு எஞ்சின் வேலை பழகி, பிறகு ஹட்டனில் பட்டறை போட்டுப் பல வருடமாக மேட்டு நிலத்து எஞ்சின்களோடு மல்லுக்கட்டுபவன். கீழிருந்து மேலே வரும் எஞ்சின்களில் அடிக்கடி காணும் கதை இது. ஆனாலும் உங்கள் எஞ்சினைக் கையால் தொடாமல் எழுதுகிறேன். ஆகவே எது நிச்சயம், எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

நிச்சயமானது முதலில். பந்தை அமுக்கியதும் எஞ்சின் தெளிகிறது என்றால், அது எரிபொருள் இல்லாமல் பட்டினி கிடக்கிறது. அமுக்கும்போது நீங்கள்தான் பம்பின் வேலையைச் செய்கிறீர்கள். ரிங் தேய்ந்த எஞ்சின் பந்தை அமுக்கினால் தெளியாது. அது ஸ்டார்ட் ஆகவே முரண்டு பிடிக்கும், மெதுவாக ஓடும்போதும் பலம் இல்லாமல் இருக்கும். உங்களுடையது நாலைந்து இழுவையில் பிடிக்கிறது, மெதுவாக நன்றாக ஓடுகிறது. ஆக கோளாறு பெற்றோல் தாங்கிக்கும், பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டருக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. கூடிப்போனால் காபரேட்டருக்குள் இருக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பந்தை அமுக்கிக்கொண்டே கரை வரை ஓட்டி வருவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஒயில் எரிபொருளோடு கலந்துதான் உள்ளே போகிறது. எரிபொருள் குறைந்தால் ஒயிலும் குறையும், சிலிண்டரின் சூடும் ஏறும். முழு வேகத்தில் அப்படி ஓடினால் பிஸ்டன் உரசி, இறுகிவிடும். இன்று தேவையில்லாத பிஸ்டன் செலவு அப்புறம் உண்மையிலேயே தேவைப்பட்டுவிடும்.

சரி, எங்கே அடைப்பு என்று கண்டுபிடிப்பதையும் அந்தப் பந்தே சொல்லித்தரும். எஞ்சின் திணறும் நேரத்தில் ஒருவர் பந்தைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். பந்து உள்வாங்கிச் சப்பையாகப் போயிருந்தால், பந்துக்கு முன்னால் அடைப்பு. தாங்கி மூடியில் உள்ள காற்றுத் திருகு மூடியிருக்கலாம், தாங்கிக்குள் இறங்கும் குழாயின் அடியில் உள்ள வலையில் துருவும் அழுக்கும் படிந்திருக்கலாம். காற்றுத் திருகை முதலில் பாருங்கள். அதைத் திறக்க மறந்தே எத்தனையோ பேர் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்திருக்கிறார்கள். பந்து சப்பையாகாமல், ஆனால் எவ்வளவு அமுக்கினாலும் இறுகாமல் தொளதொளவென்று இருந்தால், எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பந்துக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. பந்து கல் மாதிரி இறுகி நிற்க எஞ்சின் மட்டும் நின்றால், கோளாறு பந்துக்கு அப்பால், எஞ்சினுக்குள்.

காற்று இழுக்கும் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. எரிபொருள் கசிந்தால் வாசம் வரும், ஈரம் தெரியும். ஆனால் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் குழாய்க்குள் காற்று போகுமே தவிர எரிபொருள் வெளியே வராது. பெரும்பாலும் காரணம், குழாயை எஞ்சினில் செருகும் கொழுவியின் உள்ளே இருக்கும் சின்ன ஓ ரிங். உப்புக் காற்றில் காய்ந்து, ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். எஞ்சினின் பம்புக்குள் நுழையும் இடத்தில் உள்ள குழாயைக் கழற்றி, அதற்குப் பதிலாக விரல் நீளத்துக்குப் பெற்றோல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். குமிழி இல்லாமல் ஒரே சீராக ஓடினால் நல்லது. குமிழி குமிழியாக ஓடினால் காற்று வருகிறது. அப்போது பின்னோக்கி ஒவ்வொரு இணைப்பாக இறுக்கிக்கொண்டு போனால் குமிழி நிற்கும் இடம் தெரிந்துவிடும். பழைய குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள் தோல் உரிந்து, உறிஞ்சும்போது வழியை அடைத்துக்கொள்வதும் உண்டு. குழாயின் வயது தெரியாவிட்டால் பந்தோடு சேர்த்து முழுவதையும் மாற்றிவிடுவதே என் பழக்கம். பந்தில் உள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். முதல் தடவை நிரப்பும்போது அம்பு மேலே பார்க்கும்படி பந்தை நிமிர்த்திப் பிடித்து அமுக்கினால் வால்வு ஒழுங்காக வேலை செய்யும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் அடுத்தது எஞ்சினின் எரிபொருள் பம்ப். உங்கள் வகை எஞ்சின்களில் பம்பை இயக்குவது மின்சாரமோ கம்பியோ இல்லை. பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதற்குக் கீழே உள்ள கிராங்க் அறையில் எழும் அழுத்தத் துடிப்பில், டயப்ரம் எனப்படும் ஒரு மெல்லிய, வளையும் தகடு படபடவென்று அடித்துக்கொள்ளும், அதுவே உறிஞ்சித் தள்ளும். நான்கைந்து திருகைக் கழற்றினால் பம்ப் கையில் வந்துவிடும். தகட்டை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சுருங்கி இருக்கிறதா, விறைத்துப் போயிருக்கிறதா, ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிகிறதா? விறைத்த தகடு மெதுவாக ஓடும்போது போதுமான அளவு தள்ளும், வேகத்தில் தோற்றுப்போகும். உங்கள் எஞ்சினின் குணம் அப்படியே அதுதான். ஓட்டை இருந்தால் இன்னொரு அடையாளம் உண்டு: துடிப்பு வரும் துவாரம் வழியாக எரிபொருள் ஒரு சிலிண்டருக்குள் மட்டும் போய், அந்த ஒரு பிளக் நனைந்தே இருக்கும். அதனால் பிளக்குகளைக் கழற்றும்போது மேல், கீழ் என்று குறித்துவையுங்கள். பம்பின் தகடு, கஸ்கெட், சின்ன வால்வுகள் எல்லாம் ஒரு செட்டாகக் கிடைக்கும். பிஸ்டன் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. உங்கள் அடையாளங்களை வைத்து நான் பந்தயம் கட்டுவதானால் இந்தத் தகட்டில்தான் கட்டுவேன். ஆனால் இது ஊகம்தான். பந்துச் சோதனையைச் செய்யாமல் நேரே பம்பைப் பிரிக்க வேண்டாம்.

காபரேட்டரைப் பற்றிக் கொஞ்சம். சும்மா கிடந்த எஞ்சினில் பழைய பெற்றோல் காய்ந்து பச்சையும் மஞ்சளுமாகப் பிசின் மாதிரி ஒட்டியிருக்கும், கடலில் ஓடியதென்றால் அடிக்கிண்ணத்தில் வெள்ளைத் தூளும் கிடக்கும். பிரதான ஜெட்டை, அதாவது பெற்றோல் பாயும் சிறு துவாரமுள்ள பித்தளைத் துண்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் துவாரம் சுற்றிலும் ஒரே வட்டமாகத் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் கம்பியோ தையல் ஊசியோ போடாதீர்கள். பித்தளை மிருதுவானது, துவாரம் பெருத்தால் அந்த ஜெட் குப்பைதான். மீன்பிடி நைலோன் நரம்பை நுழைத்து, கிளீனர் அடித்து, காற்றுப் பிடித்தால் போதும். மெதுவோட்டத் திருகைக் கழற்றுவதற்கு முன் அது அடியில் முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவையுங்கள். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களிலிருந்து கலனில் சேர்த்துவைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பழைய பெற்றோலை இந்த எஞ்சினுக்கு ஊற்றவே வேண்டாம்.

இப்போது கராஜ்காரரின் அளவுக்கு வருவோம். அவர் பொய் சொல்லவில்லை, கருவி காட்டியதைத்தான் சொன்னார். ஆனால் அந்த இலக்கத்தை நீர்கொழும்பில் படிப்பது போல மஸ்கெலியாவில் படிக்க முடியாது. மவுஸ்ஸாக்கலை கடல் மட்டத்திலிருந்து 1,100 மீற்றருக்கு மேல் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ 12, 13 சதவீதம் குறைவு. சிலிண்டர் உள்ளிழுப்பதே மெல்லிய காற்று என்றால் அமுக்கி வருவதும் குறைவாகத்தான் இருக்கும். கரையில் 110 காட்டும் நல்ல எஞ்சின், ஒரு திருகைக்கூடத் தொடாமல் இங்கே கொண்டுவந்தால் 96 அளவில்தான் காட்டும். நுவரெலியா கிரகரி வாவிக்கு, 1,870 மீற்றர் அளவுக்கு, ஏற்றினால் இன்னும் இறங்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். கரையில் மீன்பிடிக்கு ஓடிய இந்த வகை எஞ்சின்களில் நிறைய மண்ணெண்ணெய் எஞ்சின்கள். பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். மண்ணெண்ணெய் சிலிண்டருக்குள் சீக்கிரம் தானாகவே பற்றித் தட்டிவிடும் என்பதால் அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதத்தையே குறைத்துச் செய்திருப்பார்கள். உங்கள் எஞ்சினில் இரண்டு எரிபொருளுக்கான வழி மாற்றும் திருகியோ, ஸ்டார்ட் செய்யும் பெற்றோலுக்கான தனிச் சிறு தாங்கியோ, அவை இருந்து கழற்றிய தடமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 90 என்பது கவலைப்பட வேண்டிய அளவே இல்லை. மண்ணெண்ணெய் வகையை இங்கே மண்ணெண்ணெயில் ஓட்டப் பார்க்கிறீர்கள் என்றால் அதுவும் வில்லங்கம்: காலைக் குளிரில் அது நன்றாக ஆவியாகாது, பிளக் கறுக்கும், பாதி எரியாமல் வெளியேறும்.

தனி இலக்கத்தைவிட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 92க்கும் 88க்கும் வித்தியாசம் 5 சதவீதம்கூட இல்லை. 10, 15 சதவீதத்துக்கு மேல் போனால்தான் நான் எஞ்சினின் சிலிண்டர் தலையைத் திறப்பதைப் பற்றி யோசிப்பேன். அளவு எடுக்கும்போது எஞ்சின் சூடாக இருந்ததா, இரண்டு பிளக்கும் கழற்றியிருந்ததா, திரொட்டில் முழுவதும் திறந்திருந்ததா என்று கேளுங்கள். திரொட்டில் மூடியிருந்தால் காற்றே உள்ளே போகாது, இலக்கமும் பொய் சொல்லும். பிளக்கைக் கழற்றும்போது அதன் வயரை வெறுமனே தொங்கவிடாமல் எஞ்சின் உடம்போடு தொடுத்துவைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிளக்குக்குப் பொறி அனுப்பும் சிடிஐ பெட்டி கெட்டுப்போகலாம். அதற்கும் மேல் சந்தேகம் இருந்தால், கைபேசியில் பொருத்தும் சின்னக் கமரா வயரைப் பிளக் துவாரத்தால் இறக்கிச் சிலிண்டர் சுவரைப் பாருங்கள். மேலிருந்து கீழாக ஆழமான கோடுகள் தெரிந்தால் கராஜ்காரர் சொன்னது சரி, நான் சொன்னது பிழை.

எரிபொருள் பட்டினி என்றால் பிளக் ஏன் கறுப்பு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பட்டினி வேகத்தில் மட்டும் நடக்கிறது. மற்ற நேரமெல்லாம் சோக், நீண்ட நேர மெதுவோட்டம், பந்தை அமுக்கி வலிந்து ஊட்டுவது, இவற்றோடு கடலோரக் காற்றுக்கு அளவாக வைத்த காபரேட்டர். மெல்லிய காற்றுக்கு அதே அளவு பெற்றோல் போனால் கலவை தடித்துவிடும். ஒயிலை ஒரு கை கூட ஊற்றும் பழக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பெரும்பாலான எஞ்சின்களுக்கு 50க்கு 1 கலவை, அதாவது ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர், 5 லீற்றருக்கு 100. உங்கள் எஞ்சினின் மூடியில் வேறு அளவு எழுதியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஓட்டோவுக்குப் போடும் 2டி ஒயில் காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது. தண்ணீரில் குளிரும் இதற்கு டிசி-டபிள்யூ3 என்று போட்ட படகு ஒயில் வேண்டும்.

மெல்லிய காற்றுக்கு ஏற்பப் பெற்றோலைக் குறைக்க ஜெட்டைச் சிறிதாக்கலாம் என்று இங்கே பலர் சொல்லியிருக்கிறார்கள். சரியான யோசனைதான், ஆனால் இப்போது இல்லை. எரிபொருள் ஒழுங்காக வராத எஞ்சினில் ஜெட்டையும் சுருக்கினால் பிஸ்டனை நீங்களே கொன்றுவிடுவீர்கள். முதலில் பட்டினியைத் தீருங்கள். அதன் பிறகும் முழு வேகத்தில் கரகரவென்று கனத்த சத்தமும் கறும்புகையும் இருந்தால் ஓர் அளவு மட்டும் சிறிய ஜெட்டைப் போட்டு, முழு வேகத்தில் சற்று ஓட்டி, அங்கேயே நிறுத்திப் பிளக்கைப் பாருங்கள். பால் தேநீர் நிறம் வந்தால் போதும். எஞ்சினை மறுபடி கரைக்கு விற்றால் பழைய ஜெட்டைப் பூட்டிக் கொடுங்கள். ஜெட் எதைச் செய்தாலும் மெல்லிய காற்றில் இழந்த பலம் திரும்பாது. 15 குதிரைவலு இங்கே 13 அளவில்தான் இருக்கும். அதற்கு மருந்து பிட்ச் குறைந்த புரொப்பெலர், அதாவது ஒரு சுற்றில் குறைந்த தூரம் தள்ளும் புரொப்பெலர். எஞ்சின் தன் முழுச் சுற்றுக்கு ஏறும்.

புரொப்பெலரைச் சொல்லும்போது இதையும் பார்த்துவிடுங்கள். மவுஸ்ஸாக்கலை அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது உங்களுக்குத் தெரியும். வறட்சி மாதங்களில் நீர் இறங்கினால் கோயிலும் சுவர்களும் வெளியே வருகின்றன. வெளியே வராமல் ஒரு முழம் ஆழத்தில் இருப்பவைதான் ஆபத்து. எங்கேனும் இடித்திருந்தால் புரொப்பெலருக்குள் இருக்கும் இறப்பர் வழுக்கத் தொடங்கும். எஞ்சின் கத்தும், வள்ளம் நகராது. உள் வட்டத்திலிருந்து வெளி வட்டம் வரை பெயின்ற்றால் ஒரு கோடு இழுத்து, ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் வழுக்குகிறது.

தண்ணீர் மெல்லிசாக வருவது தனிக் கோளாறு. அதைத் தள்ளிப்போடக் கூடாது. முதலில் தண்ணீர் பீய்ச்சும் துவாரத்தை நைலோன் நரம்பால் குத்திப் பாருங்கள். கடல் எஞ்சினில் அங்கே உப்பு கட்டியாக நிற்கும். பெருக்கெடுத்தால் பிரச்சினை அவ்வளவுதான். இல்லையென்றால் கீழ்ப் பெட்டியை இறக்கி, வாட்டர் பம்ப் இறப்பரை மாற்ற வேண்டும். எப்போது மாற்றியது என்று விற்றவருக்கே தெரியாத எஞ்சின் என்றால் பார்க்காமலே மாற்றலாம். இறக்குமுன் கியர் கம்பியின் இணைப்பைக் கழற்ற மறக்காதீர்கள். போல்ட்டுகள் உப்பில் இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை அடித்து இரவு முழுக்க விட்டு, மறுநாள் கொஞ்சம் கழற்றி, கொஞ்சம் இறுக்கி, மெல்ல மெல்ல வெளியே எடுங்கள். போல்ட் முறிந்தால் அந்த வேலை பம்பைவிடச் செலவு. புது இறப்பரைப் போடும்போது தண்டை மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே மூடியை இறக்கினால் இதழ்கள் சரியான பக்கம் மடியும். இறப்பரைத் தண்டோடு பிடித்துவைக்கும் சிறு சாவித் துண்டு விழுந்துவிடாமல் பாருங்கள். எஞ்சின் சூடேறினால் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டால் திறக்கிறதா என்று கண்ணால் காணலாம். எப்போதும் திறந்தே கிடந்தால் மலைத் தண்ணீரின் குளிரில் எஞ்சின் சூடே ஏறாது, பிளக் கறுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சூடானதும் நின்று, ஆறினதும் ஸ்டார்ட் ஆகும் எஞ்சின்களில் இக்னிஷன் கொயில் பழுதும் இருப்பதுண்டு, அதாவது பற்றவைக்கும் சுருள் சூட்டில் அறுந்துகொள்ளும். உங்கள் விஷயத்தில் அதற்கு வாய்ப்புக் குறைவு, ஏனென்றால் சுருள் பழுதாகி நின்ற எஞ்சின் பந்தை அமுக்குவதால் தெளியாது. இருந்தாலும் நின்ற அந்த நிமிடமே பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின் உடம்பில் தொடுத்துவைத்து, கயிற்றை இழுத்து, நீலப் பொறி வருகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் பெற்றோல் வாசம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் நீர்த்தேக்கத்தின் நடுவே செய்ய வேண்டாம். ஒரு 200 லீற்றர் பீப்பாயில், புரொப்பெலருக்கு மேலே உள்ள தட்டு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிரப்பி அதில் ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம்கூட ஓட்டக் கூடாது, புது இறப்பர் கருகிவிடும். பீப்பாயில் ஒயில் மிதக்கும் தண்ணீரை நீர்த்தேக்கத்தில் கொட்டாதீர்கள். பீப்பாயில் முழு வேகம் கொடுக்க முடியாது, ஆகவே கடைசிச் சோதனை வள்ளத்தில்தான்: துடுப்பும் உயிர்காப்பு அங்கியும் எடுத்துக்கொண்டு, கரையை ஒட்டி, இருவராக. ஒருவர் ஓட்ட, மற்றவர் பந்தையும் அந்த உள்ளே தெரியும் குழாய்த் துண்டையும் பார்க்கட்டும். பந்து சப்பையானதா, தொளதொளத்ததா, இறுகி நின்றதா, குமிழி வந்ததா, எந்தப் பிளக் நனைந்திருந்தது என்று இங்கே எழுதுங்கள். அடுத்து எதைக் கழற்றுவது என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.